ரெய்னியர் மலை: வெயிலுக்கு முன் ஏறி, வெயிலுக்கு முன் இறங்குதல்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடமேற்குக் கோடியில், வாஷிங்டன் மாநிலத்தில், மேகமில்லாத நாட்களில் சியாட்டில் நகரத்து வீதியில் நின்று பார்ப்பவருக்கும் வானத்தில் தனியே மிதப்பதுபோல் வெண்மையாய்க் காட்சி தரும் ரெய்னியர் மலை, 4,392 மீட்டர் உயரமுள்ள ஓர் எரிமலை. அதன் உள்ளே அக்கினி இன்னும் அவிந்துபோகவில்லை. அதன் மேனியையோ இருபதுக்கு மேற்பட்ட பனியாறுகள் போர்த்துக்கொண்டிருக்கின்றன. இமயத்துச் சிகரங்களின் முன் இதன் உயரம் அற்பமாகத் தோன்றலாம். ஆனால் பாரடைஸ் என்னும் அடிவாரத்திலிருந்து உச்சி வரை 2,750 மீட்டர் ஏறவேண்டியிருப்பதையும், அதில் பெரும்பகுதி பனியின்மீது நடக்கவேண்டியிருப்பதையும் எண்ணிப் பார்த்தால், பனிமலை ஏற்றத்தின் பாடங்கள் அனைத்தையும் ஒரே இடத்தில் கற்பிக்கும் பள்ளி இதைப்போல் வேறொன்று கிடைப்பது அரிது என்பது விளங்கும்.

இந்த அத்தியாயம் ‘டிஸப்பாயிண்ட்மெண்ட் கிளீவர்’ என்னும் பாறை முதுகின் வழியாகச் செல்லும், பெரும்பாலோர் நடந்து பழகிய பாதையைப் பற்றியது. இதில் சொல்லப்போகும் ஒவ்வொரு முறைக்கும் காரணமாக இருப்பது ஒரே விஷயம்: பனி இரவில் இறுகுகிறது, பகலில் இளகுகிறது. இறுகிய பனி பிளவுகளின்மேல் பாலமாய் நின்று உங்களைத் தாங்கும். இளகிய பனியோ அந்தப் பாலத்தையே கதவாக்கித் திறந்துவிடும். ஆகையால் மற்ற மலைகளில் விடியலில் புறப்படும் பழக்கமுடையவர்கள், இங்கே நள்ளிரவில் புறப்பட்டு, உச்சி வெயில் வருவதற்குள் திரும்பி வந்துவிடக் கற்றுக்கொள்ள வேண்டும்.

புறப்படுவதற்கு முன்

மே மாதம் முதல் செப்டம்பர் வரை ஏறலாம். எனினும் ஜூன் நடுவிலிருந்து ஜூலை இறுதி வரையிலான காலமே உத்தமம் என்பது என் அபிப்பிராயம். அதற்கு முன் சென்றால் புதுப்பனி சரியும் அபாயமுண்டு. ஆகஸ்டிலோ பனிப்பாலங்கள் ஒவ்வொன்றாய் இடிந்து, பிளவுகள் வாய் பிளந்து நிற்க, பாதை சுற்றிச் சுற்றிப் போகும்.

இம்மலை 1899ஆம் ஆண்டு முதல் தேசியப் பூங்காவாகப் பாதுகாக்கப்பட்டு வருகிறது. 10,000 அடிக்கு மேல் செல்வோரும், எந்தப் பனியாற்றிலும் கால் வைப்போரும், பூங்கா அலுவலகத்தில் பதிவு செய்து, கட்டணம் செலுத்தி அனுமதிச் சீட்டுப் பெறுவது கட்டாயம். தனியாக ஏற விரும்புகிறவர் அதற்கென்று விசேஷ அனுமதி கோர வேண்டும். கோராமலிருப்பதே நல்லது என்பேன், ஏனெனில் பனியாற்றில் தனி மனிதனுக்குக் கயிற்றின் மறுமுனை இல்லை.

இதுவரை பனியில் நடந்தறியாதவர்கள் தொழில்முறை வழிகாட்டியை அமர்த்திக்கொண்டு செல்வதே உசிதம். அப்படிச் செல்கிறவரும் இந்த அத்தியாயத்தை முழுவதும் படிக்க வேண்டும். கயிற்றின் நடுவில் கட்டப்பட்டிருப்பவர் மூட்டையல்ல. முன்னே செல்பவர் விழும்போது அவரைத் தாங்கவேண்டியவர் அவரே.

தேகப்பயிற்சியைக் குறைந்தது நான்கு மாதம் முன்பாகவே தொடங்குங்கள். 15 கிலோ எடையுள்ள முதுகுப்பையோடு, வாரம் இருமுறையாவது படிக்கட்டோ குன்றோ ஏறி இறங்க வேண்டும். ஏறுவதை எல்லோரும் பயில்கிறார்கள். இறங்குவதைப் பயில்பவர் சிலரே. முழங்கால்கள் நம்மைக் கைவிடுவது இறக்கத்தில்தான் என்பதை மறவாதீர்கள்.

உபகரணங்கள்

கெட்டியான அடித்தோலுள்ள மலைப் பூட்ஸ்; அதன் அடியில் பூட்டும் கிராம்பான் என்னும் பன்னிரண்டு முள் தகடு; பனிக்கோடரி; இடுப்புக் கச்சை; தலைக்கவசம்; நெற்றிவிளக்கும் அதற்கு மாற்று மின்கலங்களும்; பூட்டுள்ள காரபைனர் வளையங்கள்; பாரம் விழுந்ததும் கயிற்றை இறுகப் பற்றும் புரூசிக் முடிச்சுக்கான சிறு கயிற்றுக் கண்ணிகள் இரண்டு; குழுவுக்கு ஒரு கயிறு; பனியில் புதைக்கும் அலுமினிய முளைகள்; கப்பிகள்; திசைகாட்டி. இவற்றில் எதையும் ‘இந்த ஒருமுறைக்குத்தானே’ என்று விட்டுவிடலாகாது.

ஆடைகளைப் பொறுத்தவரை ஒரே விதி: வியர்க்காமல் நடக்கவேண்டும், நின்றால் நடுங்காமலிருக்க வேண்டும். ஆதலால் தடித்த ஒன்றைவிட, கழற்றி மாட்டத்தக்க மெல்லிய பல அடுக்குகளே மேல். பருத்தியாடை மட்டும் ஆகாது. நனைந்தால் அது உலராமல் உடம்பின் உஷ்ணத்தைக் குடித்துவிடும்.

*குறிப்பு:* பக்கங்களும் மூடிய கறுப்புக் கண்ணாடியின்றிப் பனியில் பகற்பொழுதைக் கழித்தவர், அன்றிரவு கண்ணில் மணலைக் கொட்டியதுபோன்ற வேதனையை அனுபவிப்பார். பனி வெயிலைக் கீழிருந்து மேலே திருப்பி அனுப்புவதால், மூக்குத் துளைகளின் அடிப்புறமும் மோவாயின் கீழ்ப்புறமும்கூட வெந்துபோகும். தைலத்தை அங்கேயும் பூசுங்கள்.

விழுந்தால் நிறுத்துவது எப்படி

இந்த நூலின் வேறெந்தப் பகுதியை மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்கலாகாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதாகையால், கீழே பாறையோ பிளவோ இல்லாமல் சமவெளியில் போய் முடியும் சாய்வொன்றைத் தேர்ந்துகொண்டு, முதலில் கிராம்பான் அணியாமல், பின்வரும் வரிசையை ஐம்பது தடவையாவது செய்து பாருங்கள்.

1. ஒரு கையால் பனிக்கோடரியின் தலையைப் பற்றுங்கள். மற்றொரு கை காம்பின் அடிமுனையை மூடியிருக்கட்டும். அடிமுனையைப் பற்றத் தவறினால் அந்தக் கூர் உங்கள் தொடையிலேயே பாயக்கூடும்.

2. சறுக்கத் தொடங்கிய கணமே, கோடரியின் தலையிருக்கும் பக்கமாகப் புரண்டு குப்புறப் படுங்கள். மறுபக்கமாகப் புரண்டால் காம்பின் முனை முதலில் பனியில் மாட்டி, கோடரி கையிலிருந்து பிடுங்கப்பட்டுப் போகும்.

3. கோடரியின் அகன்ற நாக்கு தோளின் குழியில் பதிய, காம்பு மார்புக்குக் குறுக்கே சாய்வாய் அமைய, மார்பின் முழுப் பாரத்தையும் அலகின்மேல் போட்டு அழுத்துங்கள். முகத்தைக் கோடரிக்கு எதிர்ப்புறம் திருப்பிக்கொள்ளுங்கள்.

4. இடுப்பைச் சற்று உயர்த்தி, முழங்கால்களை அகற்றி ஊன்றுங்கள். கிராம்பான் அணிந்திருக்கும்போது பாதங்களைப் பனியில் படாமல் தூக்கியே வைத்திருக்க வேண்டும். வேகமாகச் சறுக்கும்போது ஒரு முள் மாட்டினாலும் உடம்பு தலைகீழாய்ச் சுழன்றுவிடும்.

தலை கீழாகவும், மல்லாந்தும், இரண்டும் சேர்ந்தும் விழுந்து பழகுங்கள். உண்மையில் விழுகிறவர் தமக்கு வசதியான நிலையில் விழுவதில்லை. வேகம் பிடித்த பிறகு இறுகிய பனியில் யாராலும் நிற்க முடியாது. முதல் ஒரு விநாடியில் செய்வதே பயன்தரும். யோசித்துச் செய்வதற்கு நேரமிராது என்பதனால்தான் ஐம்பது தடவை என்றேன்.

முதல் நாள்: மியூர் முகாம்

பாரடைஸ் 1,645 மீட்டர் உயரத்திலுள்ளது. 1888ஆம் ஆண்டு இம்மலையில் ஏறிய இயற்கையறிஞர் ஜான் மியூரின் பெயரால் வழங்கும் முகாமோ 3,105 மீட்டர் உயரத்தில், ஏழு கிலோமீட்டர் தூரத்திற்கு அப்பால் இருக்கிறது. காலை எட்டு மணிக்குப் புறப்பட்டால் பாரத்தோடு பிற்பகல் இரண்டு மணிக்குள் சேரலாம். பெப்பிள் கிரீக் ஓடை வரை பூக்கள் மலிந்த புல்வெளி. அதற்குமேல் மியூர் பனிவெளி.

இந்தப் பனிவெளியில் பெரிய பிளவுகள் பொதுவாக இல்லாமையால் கயிறின்றியே பலரும் நடக்கிறார்கள். அந்த எளிமையே இதன் ஆபத்து. மூடுபனி இறங்கினால் வானமும் தரையும் ஒரே வெண்மையாகி, தன் பாதம் எங்கே ஊன்றுகிறது என்பதே தெரியாத நிலை வந்துவிடும். வழி தவறி மேற்கே ஒதுங்கினால் நிஸ்குவாலிப் பனியாற்றின் செங்குத்தும், கிழக்கே ஒதுங்கினால் பாரடைஸ் பனியாற்றின் பிளவுகளும் காத்திருக்கின்றன. ஆதலால் ஏறும்போதே, வானம் தெளிவாயிருக்கையில், திரும்புவதற்கான திசைகளைத் திசைகாட்டியில் கண்டு ஒரு சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள். கைப்பேசியின் வரைபடம் நல்ல துணைதான். ஆனால் குளிரில் அதன் மின்கலம் சட்டென்று உயிர்விடும்.

நடையைப் பற்றி ஒரு வார்த்தை. பின்னங்காலின் முழங்காலை நேராக விறைத்து, உடம்பின் பாரத்தைத் தசையில் அல்லாமல் எலும்பில் நிறுத்தி, ஒரு கணம் ஓய்ந்து, பிறகே அடுத்த அடியை வைப்பதை ‘ஓய்வு நடை’ என்கிறார்கள். ஒவ்வோர் அடியிலும் ஒரு சிறு ஓய்வு கிடைப்பதால், பார்ப்பதற்கு மந்தமாகத் தோன்றும் இந்த நடையினால், இடையிடையே உட்காராமலே மணிக்கணக்காக ஏறிவிடலாம். உச்சிக்கருகில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்திலிருப்பதில் பத்தில் ஆறு பங்கிற்கும் சற்றுக் குறைவு. ஆகவே மூச்சை உதடு குவித்து பலமாக வெளியேற்றும் பழக்கத்தையும் இங்கேயே கைக்கொள்ளுங்கள்.

முகாமை அடைந்தவுடன் படுத்துவிடாதீர்கள். முதலில் பனியை உருக்கித் தண்ணீர் சேகரியுங்கள். ஆளுக்கு மூன்று நான்கு லிட்டர் வேண்டியிருக்கும். பாத்திரத்தின் அடியில் சிறிது தண்ணீரை ஊற்றி அதன்மேல் பனியை இட்டால் அடிப்பிடிக்காமல் உருகும். அவ்வுயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 90 பாகையிலேயே கொதித்துவிடுகிறபடியால், அரிசியும் பருப்பும் எரிபொருளைத் தின்னுமேயன்றி வேகமாட்டா. வெந்நீர் பட்டாலே பதமாகும் அவல், ஓட்ஸ், நூடுல்ஸ் போன்றவையே ஏற்ற ஆகாரம். மாலை ஆறு மணிக்கெல்லாம் உறக்கப்பைக்குள் புகுந்துவிட வேண்டும். தூக்கம் வராவிட்டால் கவலையில்லை. கண்மூடிப் படுத்திருத்தலே போதும்.

கயிற்றில் கட்டிக்கொள்ளுதல்

பனியாற்றில் மூவர் ஒரு கயிற்றில் செல்வது நல்ல ஏற்பாடு. ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையே 12 மீட்டர் இருக்கட்டும். மிச்சக் கயிற்றை முன்னவரும் பின்னவரும் சுருட்டித் தோளில் அணிந்துகொள்ளலாம். புறப்படுமுன் ஒருவர் கச்சையையும் முடிச்சையும் மற்றொருவர் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். கண்ணால் பார்த்தது கணக்கில்லை.

இங்கே அடிக்கடி நேரும் பிழைகள் மூன்று. முதலாவது, கயிற்றைத் தளரவிட்டு, முன்னவரோடு பேசிக்கொண்டே அருகில் நடப்பது. தளர்ந்த கயிறு எத்தனை மீட்டரோ அத்தனை மீட்டர் அதிகமாக விழவேண்டிவரும் என்பதால், கயிறு பனியை லேசாகத் தொட்டுச் செல்லும் அளவுக்கு இழுவையாக இருக்க வேண்டும். இரண்டாவது, இளைப்பாறும்போது எல்லோரும் ஒரே இடத்தில் கூடுவது. அந்த இடத்துக்கு அடியிலேயே ஒரு பிளவு மறைந்திருக்கலாம். மூன்றாவது, கிராம்பான் அணிந்த காலால் கயிற்றை மிதிப்பது.

நள்ளிரவுப் பயணம்

இரவு பதினொன்றரைக்கு எழுந்து, பன்னிரண்டரைக்குள் புறப்படுங்கள். வெளியே வந்ததும் முதலில் வானத்தைப் பாருங்கள். நட்சத்திரங்கள் தெளிவாயிருந்து, காற்று அடங்கி, காலடிப் பனி ‘கறுக் கறுக்’கென்று உடைந்தால் போகலாம். இரவு முழுவதும் பனி இறுகாமல் ஈரமாகவே இருந்தால், அல்லது உச்சியின்மேல் தட்டைக் கவிழ்த்ததுபோல் மேகத் தொப்பி அமர்ந்திருந்தால், உறக்கப்பைக்குத் திரும்பிவிடுங்கள். அந்தத் தொப்பி பெருங்காற்றின் அடையாளம்.

1. கவ்லிட்ஸ் பனியாற்றைக் குறுக்கே கடந்து, கதீட்ரல் கேப் என்னும் பாறைக் கணவாயை அடைக. பாறையில் நடக்கும்போது கயிற்றைச் சுருட்டி ஒருவருக்கொருவர் நெருங்கிச் செல்ல வேண்டும். நீண்ட கயிறு கற்களை உருட்டிப் பின்வருவோர்மேல் தள்ளும்.

2. இங்கிரஹாம் சமவெளியில், ஏறக்குறைய 3,400 மீட்டர் உயரத்தில், முதல் ஓய்வு. நின்றவுடன் தடித்த சட்டையை அணியுங்கள், பிறகு உண்ணுங்கள். பத்து நிமிஷத்திற்கு மேல் வேண்டாம். யாருக்கேனும் உடம்பு ஒவ்வவில்லையானால் திரும்பவேண்டிய இடம் இது. மேலே போனபின் ஒருவரைத் தனியே விட்டுச்செல்ல இயலாது.

3. அடுத்த பகுதியை ஓட்டமும் நடையுமாய், நில்லாமல் கடந்துவிட வேண்டும். மேலே செராக் என்னும் பனிக்கட்டிக் கோபுரங்கள் தொங்கும் இடத்தை ‘ஐஸ் பாக்ஸ்’ என்றும், அதையடுத்துக் கற்கள் உருளும் இடத்தை ‘பௌலிங் ஆலி’ என்றும் மலையேறிகள் அழைக்கிறார்கள். 1981ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் தேதி, வைகறையில், இங்குள்ள இங்கிரஹாம் பனியாற்றின் மேற்பகுதி இடிந்து வீழ்ந்து பதினொரு பேரைப் புதைத்துவிட்டது. விடியற்குளிர் பனிப்பாலங்களைத் தாங்குமேயன்றி, தன் பாரத்தால் முறியும் பனிக்கோபுரத்தைத் தடுத்து நிறுத்தாது. அந்த இடத்தில் நீர் பருகவோ, படமெடுக்கவோ, காலணி வாரைச் சரிசெய்யவோ நிற்கலாகாது. அவையெல்லாம் சமவெளியிலேயே முடிந்திருக்க வேண்டும்.

4. கிளீவர் என்னும் பாறை முதுகின்மேல் ஏறி, 3,750 மீட்டர் உயரத்திலுள்ள அதன் தலையை அடைக. கண்ணுக்குச் சிகரம் அருகிலிருப்பதுபோல் தோன்றும். இன்னும் 640 மீட்டர் ஏற வேண்டும்.

5. அங்கிருந்து மேலே பிளவுகளுக்கிடையே வளைந்து வளைந்து செல்லும் நீண்ட சாய்வு. பனிப்பாலத்தைக் கடக்கும்போது ஒருவர் மட்டுமே அதன்மேல் இருக்க வேண்டும். மற்ற இருவரும் கயிற்றை இழுத்துப்பிடித்துத் தயாராய் நிற்க வேண்டும். பிளவு ஓடும் திசையிலேயே மூவரும் வரிசையாய் நடந்தால் மூவரும் ஒரே பிளவின்மேல் இருப்பீர்கள். அதைக் குறுக்கே வெட்டிச் செல்வதே சரி.

ஒருவர் பிளவில் விழுந்துவிட்டால்

1. இழுவை தெரிந்த கணமே மற்ற இருவரும் படுத்து, முன் சொன்னபடி கோடரியை ஊன்றி நிறுத்துங்கள்.

2. விழுந்தவருக்கு அருகிலிருப்பவர் பாரத்தைத் தாங்கிக்கொண்டு அசையாமலிருக்க, மற்றவர் புரூசிக் கண்ணியால் கயிற்றில் தம்மைப் பிணைத்துக்கொண்டு, பனியைக் குத்திப் பார்த்தபடி முன்னே வர வேண்டும்.

3. பாரம் இழுக்கும் திசைக்குக் குறுக்காக முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டி, முளையைக் கிடையாகப் புதைத்து, அதிலிருந்து வரும் வாருக்கு ஒரு சிறு வாய்க்கால் வெட்டி, பனியை மிதித்து இறுக்குங்கள். முடிந்தால் இரண்டாவது முளை ஒன்றும் இடுங்கள்.

4. கயிற்றின் பாரத்தை மெல்ல மெல்ல முளைக்கு மாற்றிய பிறகே தாங்கியிருந்தவர் எழுந்திருக்கலாம்.

5. பிளவின் விளிம்புக்குத் தவழ்ந்து சென்று, விழுந்தவரோடு பேசுங்கள். கயிறு விளிம்பில் அறுத்துப் புதையாமலிருக்க, ஒரு முதுகுப்பையை அடியில் கொடுத்து, அதுவும் உள்ளே விழாதபடி கட்டிவிடுங்கள்.

6. கப்பிகளைக் கொண்டு மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் இழுவையமைத்துத் தூக்குங்கள்.

விழுந்தவர் சும்மா இருக்கலாகாது. முதுகுப்பையைக் கழற்றிக் கயிற்றில் தொங்கவிட்டு, கைக்கெட்டும் கம்பளிச் சட்டையை அணிந்துகொண்டு, காயமில்லையாயின் தம்முடைய இரண்டு புரூசிக் கண்ணிகளின் உதவியால் தாமே ஏறி வர முயல வேண்டும். பல சமயங்களில் அதுவே விரைவான வழி.

உயரத்தின் நோய்

கடற்கரை நகரத்திலிருந்து இரண்டே நாளில் இவ்வளவு உயரத்துக்குச் செல்வோருக்குத் தலைவலியும் குமட்டலும் வருவது சகஜம். அவற்றோடு நின்று, நீரும் ஓய்வும் கொண்டால் பெரும்பாலும் தணியும். ஆனால் ஓய்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்குவது, மார்பில் நீர் கொப்பளிப்பதுபோன்ற இருமல், குடித்தவன்போல் தள்ளாடுவது, பேச்சுக் குழறுவது ஆகிய இவற்றில் ஒன்று கண்டாலும் நுரையீரலோ மூளையோ பாதிக்கப்பட்டிருக்கிறது என்று கொள்க. சந்தேகம் வந்தால், ஒரு குதிகாலை மறுகாலின் விரலோடு ஒட்டி நேர்க்கோட்டில் நடக்கச் சொல்லிப் பாருங்கள். நடக்க முடியாதவரை அந்த நிமிஷமே, துணையோடு, கீழே இறக்க வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கலாகாது.

திரும்பும் மணி

காலை ஒன்பது மணிக்கு எங்கே இருக்கிறீர்களோ, அங்கிருந்து திரும்பிவிடுங்கள். இந்த மணியைப் பாரடைஸிலேயே, மனம் தெளிவாயிருக்கும்போதே, மூவரும் ஒப்புக்கொண்டு எழுதிவைக்க வேண்டும். பிராணவாயு குறைந்த இடத்தில், சிகரம் கண்ணெதிரே நிற்க, நிதானமான தீர்மானம் எவருக்கும் அமைவதில்லை. 1870ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் முதன்முதலில் உச்சியடைந்ததாகப் பதிவுள்ள ஹஸார்ட் ஸ்டீவன்ஸும் வான் டிரம்ப்பும் மாலைப் பொழுதில் அங்கே சேர்ந்தபடியால் இறங்க வழியின்றி, எரிமலை வாயின் நீராவி குடைந்த பனிக்குகையொன்றில் இரவைக் கழித்து உயிர்தப்பினார்கள். அந்தக் குகைகளை நம்பி நீங்கள் தாமதிக்கலாகாது. அவற்றில் விஷ வாயுக்கள் தேங்குவதும் உண்டு.

குறித்த நேரத்தில் ஏறியவர்கள் ஆறு அல்லது ஏழு மணிக்கு எரிமலை வாயின் கிழக்கு விளிம்பை எட்டுவார்கள். நெடுங்காலமாக உச்சியென்று வழங்கிவரும் கொலம்பியா கிரெஸ்ட் எதிர்க்கரையிலுள்ளது. பனி நிரம்பிய அந்தப் பெரும் வட்டத்தைக் கடக்க அரைமணி நேரம் வேண்டும். எதிர்க்கரையில் ஆங்காங்கே பனியில்லாத கரும்பாறைகளிலிருந்து ஆவி எழுவதைக் காணும்போது, இவ்வளவு குளிரின் அடியிலும் ஒரு வெப்பம் குடியிருக்கிறதே என்னும் வியப்பு உள்ளத்தில் தோன்றாமல் போகாது. அந்த வியப்பிற்கு இருபது நிமிஷம் ஒதுக்குங்கள்.

இறக்கம்

இறங்கும்போது பலசாலி பின்னே வரட்டும். முன்னவர் சறுக்கினால் தாங்கவேண்டியவர் அவரே. வெயில் ஏறியதும் பனி கிராம்பானின் முட்களுக்கிடையே களிமண்போல் உருண்டு அடைந்துகொள்ளும். சில அடிகளுக்கு ஒருமுறை கோடரிக் காம்பால் பூட்ஸின் பக்கத்தைத் தட்டி உதிர்த்துவிடுங்கள். காலையில் கடந்த அதே பாலத்தை இப்போது புதியதொன்றாகவே கருதி, கோடரியால் குத்திப் பார்த்தே கடக்க வேண்டும். பன்னிரண்டு மணிக்குள் மியூர் முகாமில் இருந்தால் கணக்குச் சரி.

பாதையில் கழித்த மலத்தை அலுவலகத்தில் கொடுக்கும் நீலப் பைகளில் கட்டிக் கீழே கொண்டுவருவது விதி. அந்தப் பனியையே உருக்கிப் பின்வருவோர் பருகுகிறார்கள். பாரடைஸ் வந்து சேர்ந்ததும், சாப்பாட்டுக்கும் முன்னே, பத்திரமாய்த் திரும்பிவிட்டோம் என்று வீட்டில் காத்திருப்பவருக்குச் சொல்லியனுப்புங்கள். நனைந்த கயிற்றைச் சுருட்டியபடியே பையில் அடைத்து மறந்துவிடாமல், அன்றிரவே அவிழ்த்து, முழு நீளத்தையும் விரலால் தடவிச் சிதைவு இருக்கிறதா என்று பார்த்து, வெயில் படாத நிழலில் தொங்கவிடுங்கள்.